மோர்வானா, கெர்சியா, லார்சாக்கா: பிரான்ஸில் ஐந்து நாள் கிராவல் பயணத்துக்கு எங்கே போகலாம்?

மாமா மகன் போன மாதம் ஒரு கிராவல் சைக்கிள், அதாவது மண், சரளைப் பாதையிலும் ஓடுகிற அகன்ற டயர் சைக்கிள், வாங்கினான். பாரிஸில் வேலை. மே மாதத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் லீவு வருகிறது, தார் ரோட்டை விட்டு இறங்கிப் பழைய ஊர்களுக்கு நடுவே மிதிக்க வேண்டும், மோர்வானுக்குப் போகவா, கெர்சிக்குப் போகவா, லார்சாக்குக்குப் போகவா என்று கேட்டான். மூன்றிலும் நான் மிதித்திருக்கிறேன். ஃபோனில் அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மற்ற பெயர்களை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். லுவார் ஆற்றங்கரைப் பாதை சுமார் 900 கிலோமீட்டர், அரண்மனைகளைப் பார்க்க அருமையான வழி, ஆனால் பெரும்பாலும் வழவழவென்று இருக்கும், அதற்கு சாதாரண சைக்கிளே போதும். தெற்கே கனால் து மிதி 1681-ல் திறந்த கால்வாய், துலூஸிலிருந்து கடல் வரை 240 கிலோமீட்டர், ஏற்றம் என்பதே கிடையாது, இரண்டாம் நாளே அடுத்த வளைவில் என்ன வரும் என்று தெரிந்துவிடும். தெற்கே லுபெரோன் மலைப்பகுதி கண்ணுக்கு விருந்துதான், ஆனால் கோடையில் தீ அபாயம் அதிகமான நாட்களில் காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்கள். கிராவல் சைக்கிளுக்கென்றே இருக்கிற மாதிரியான வழிகளும் நூறாண்டுக் கணக்கில் உருமாறாத ஊர்களும் ஒரே இடத்தில் சேர வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து இந்த மூன்றுதான்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். காலடியில் என்ன கல் என்று முதலில் பாருங்கள். மோர்வான் கிரானைட் பூமி, நம் ஊரில் கருங்கல் என்போமே அது. கெர்சியும் லார்சாக்கும் சுண்ணாம்புக்கல் பூமி. கருங்கல் தண்ணீரை உள்ளே விடாது, மழை மேலேயே ஓடும், தேங்கும், சேறாகும். சுண்ணாம்புக்கல் பெய்த மழையை அப்படியே விழுங்கிவிடும். பாதை சேறா சரளையா, பாட்டிலை எங்கே நிரப்பலாம், ஊர் குன்றின் மேல் இருக்குமா பள்ளத்தில் இருக்குமா, ராத்திரி தட்டில் என்ன வரும் என்பது வரைக்கும் இந்தக் கல்தான் முடிவு செய்கிறது. சுற்றுலாப் புத்தகங்களில் எல்லாக் கிராமத்துக்கும் ஒரே மாதிரி ஜன்னலில் ரோஜாச் செடி இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சரி, மோர்வான். பாரிஸில் இருப்பவர்களுக்கு இதுதான் பக்கம். பெர்சி ஸ்டேஷனில் பிராந்திய ரயில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் அவலோன், அவசரமென்றால் டிஜிவி என்கிற அதிவேக ரயிலில் ஏறி ஒரு மணி நேரத்தில் மோன்பார். வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினால் அன்று மாலையே காட்டுக்குள் இருக்கலாம்.

ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். படங்களில் பார்க்கிற புகழ்பெற்ற ஊர்கள் மோர்வான் காட்டுக்குள் இல்லை, பலதும் அதன் வடக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில்தான் இருக்கின்றன. வெஸ்லே அப்படித்தான். குன்றின் உச்சியில் இருக்கும் மகதலேனா பேராலயம் 1979-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கிளேர்வோ மடத்துத் துறவி பெர்னார் 1146-ல் இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிப் பேசியது இந்தக் குன்றில்தான். ஜூன் 21-ஐ ஒட்டி நண்பகலில் உள்ளே நின்றால், தெற்கு ஜன்னல்களின் வெளிச்சம் நடைபாதையின் நடுவில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக விழுவதைப் பார்க்கலாம். ஃப்ளாவின்யியில் பழைய மடத்துக்குள்ளேயே இன்றும் சோம்பு மிட்டாய் செய்கிறார்கள், ஒரு சோம்பு விதையைச் சுற்றிச் சர்க்கரைப் பாகை அடுக்கடுக்காக ஏற்றி பட்டாணி அளவுக்கு உருட்டுகிறார்கள். ஒரு டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், அடுத்த இரண்டு நாள் ஏற்றங்களில் கடையில் வாங்கிய எனர்ஜி ஜெல்லைத் தொடவே இல்லை. 1118-ல் தொடங்கிய ஃபோந்தனே மடமும் மோன்பார் பக்கத்திலேயே இருக்கிறது, முதல் நாளே பார்த்துவிடலாம்.

அதைத் தாண்டித் தெற்கே இறங்கினால் எல்லாம் மாறிவிடுகிறது. இருண்ட ஊசியிலைத் தோப்புகள், எங்கு பார்த்தாலும் ஓடைகள், நாலு வீடும் ஒரு தொழுவமுமாகச் சிதறிய குக்கிராமங்கள். மிக உயரமான இடமே 901 மீட்டர்தான், ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி நாள் முடிவதற்குள் கால் சோர்ந்துவிடும். மர லாரிகளுக்காகப் போட்ட காட்டு ரோடுகள் காய்ந்திருந்தால் கிராவலுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஈரமானால் கதை வேறு. ஒரு அக்டோபரில் மரம் வெட்டிய இடத்தைத் தாண்டும்போது சேறும் ஊசியிலையும் சேர்ந்து பின் சக்கரத்தில் அப்பி, கியர் தாங்கும் கொக்கி ஒடிந்துபோய், அடுத்த ஊர் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அதிலிருந்து மாற்றுக் கொக்கி ஒன்று எப்போதும் பையில் இருக்கிறது.

இந்தக் காட்டின் வரலாறு கோபுரத்தில் தெரியாது, ஆனால் எனக்கு வெஸ்லேயைவிட அதுதான் மனதில் நிற்கிறது. 300 வருஷத்துக்கும் மேலாக பாரிஸின் அடுப்புகளுக்கு விறகு இங்கிருந்துதான் போனது. கட்டைகளை ஓடையில் தள்ளிவிட்டு, கிளாம்சியில் பிடித்துத் தெப்பமாகக் கட்டி, யோன் ஆற்றிலும் பிறகு செய்ன் ஆற்றிலும் மிதக்கவிட்டுக் கொண்டுபோவார்கள். நீங்கள் கரையோரமாக மிதிக்கப்போகும் செத்தோன் ஏரி, அந்தக் கட்டைகளை ஓட்டத் தண்ணீர் தேக்குவதற்காக 19-ஆம் நூற்றாண்டில் அணை கட்டி உண்டாக்கியது. அதே காலத்தில் இந்த ஊர்ப் பெண்கள் தங்கள் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, பாரிஸ் பணக்காரர்களின் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கப் போனார்கள். பாரிஸில் கைவிடப்பட்ட குழந்தைகள் வளர்ப்புக்காக இங்கே வந்தார்கள். மலட்டு மண், வேறு விற்க ஒன்றும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்தச் சின்னச் சின்னக் கருங்கல் வீடுகளைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். நேரம் இருந்தால் தெற்கே பிப்ராக்த் வரை போய் வாருங்கள், கி.மு. 52-ல் ரோமர்களுக்கு எதிராக கோல் இனக்குழுக்கள் வெர்சிஞ்செதோரிக்ஸைத் தலைவனாக ஏற்றுக்கொண்ட மலை அது. இப்போது பெரிய பீச் மரங்களுக்கு நடுவே அகழாய்வுக் குழிகள்.

கெர்சி இதற்கு நேர் எதிர். தென்மேற்கில் லோ ஆற்றையும் அதன் கிளையான செலேயையும் சுற்றிய சுண்ணாம்பு மேட்டுநிலம், உள்ளூரில் கோஸ் என்பார்கள். வெள்ளைச் சரளைப் பாதைகள், இரண்டு பக்கமும் சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிய குட்டைச் சுவர்கள், நடுநடுவே மேய்ப்பர்கள் ஒதுங்கக் கட்டிய கூம்புக் கல்குடிசைகள், குட்டை ஓக் மரங்கள், ஜூனிப்பர் புதர். பாதைக்குக் கொட்டுகிற அந்த வெள்ளைச் சல்லிக்கு காஸ்தின் என்று பெயர். மழை பெய்தாலும் சீக்கிரமே காய்ந்துவிடும், இதனால்தான் மே மாதத்துக்கு இதை நம்பிப் போகலாம் என்கிறேன்.

மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தால் பாதிராக்கில் ஒரு பெரிய வாய் திறந்திருக்கிறது, 75 மீட்டர் ஆழப் பள்ளம், அதற்கும் கீழே 103 மீட்டர் ஆழத்தில் நிலத்தடி ஆறு, அதில் படகில் கூட்டிப்போகிறார்கள். மர்த்தெல் என்ற குகை ஆய்வாளர் 1889-ல் முதன்முதலாக உள்ளே இறங்கினார். மேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்காது, ஆறு வெட்டிய பள்ளத்தாக்கில்தான் அது ஊற்றாக வெளியே வரும், அதனால் ஊர்களும் அங்கேதான், செங்குத்துப் பாறைக்கு அடியிலோ பாறையில் ஒட்டிக்கொண்டோ இருக்கும். சைக்கிளில் போகிறவனுக்கு இதன் அர்த்தம்: காலையில் ஊரிலிருந்து 150, 200 மீட்டர் ஏறி மேட்டுக்கு வர வேண்டும், பகல் முழுக்க ஆளே இல்லாத மேட்டில் மிதிக்கலாம், மாலையில் வளைந்து வளைந்து இறங்கினால் ஒரு ஊரும் ஆறும் சாப்பாடும் காத்திருக்கும். இந்தத் தாளம்தான் எனக்குக் கெர்சியில் மிகவும் பிடித்தது. மற்ற இரண்டு இடத்திலும் இது இப்படி அமையாது.

ஊர்களுக்கும் குறைவில்லை. ரொக்கமதூர் பாறைச் சுவரில் அடுக்கடுக்காகத் தொங்குகிறது. யாத்திரிகர்கள் முழங்காலிட்டு ஏறிய 216 படிகள், மேலே சின்னக் கோயிலில் கறுப்பு மாதா. ஜூலை, ஆகஸ்டில் பகலில் அந்தத் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கவே முடியாது. காலை எட்டு மணிக்குப் போனால் தெரு உங்களுக்கே. ஃபிஜாக்கில் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷம்போலியோன் 1790-ல் பிறந்தார், அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு முற்றம் முழுக்க அந்த எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டாக் கல்லின் பெரிய நகலைத் தரையாகப் பதித்திருக்கிறார்கள், எழுத்துக்கு மேலேயே நடக்கலாம். செலே பள்ளத்தாக்கில் மர்சியாக்கின் இடிந்த மடம், அப்புறம் கப்ரெரே. கப்ரெரேக்கு மேலே ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள பெஷ் மெர்ல் குகை. இதற்காகவே கெர்சிக்குப் போகலாம் என்று தைரியமாகச் சொல்வேன். இதேபோல் ஓவியங்களுக்குப் பேர்போன லாஸ்கோவின் அசல் குகையை 1963-லேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள், அங்கே பார்ப்பது நகல். பெஷ் மெர்லில் அசல் சுவரையே பார்க்கலாம். 1922-ல் உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர் ஊர்ந்து ஊர்ந்து போய்க் கண்டுபிடித்தது. சுமார் 29,000 வருஷத்துக்கு முன்னால் வரைந்த புள்ளிக் குதிரைகள், சுற்றிலும் மனிதக் கைகளின் அச்சுகள். காலை முழுக்க அதே சுண்ணாம்புக்கல் மேல் டயரை உருட்டிவிட்டு, பிறகு அதன் வயிற்றுக்குள் நின்று அந்தக் கைகளைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

சான் சிர்க் லாப்போப்பி பற்றி ஒரு எச்சரிக்கை. 2012-ல் பிரெஞ்சு மக்களுக்குப் பிடித்த கிராமம் என்று தொலைக்காட்சி வாக்கெடுப்பில் முதலிடம் வந்த ஊர், கூட்டம் அதற்கேற்ப. ஊருக்குக் கீழே, புசியே பக்கம், படகுகளைக் கயிறு கட்டி இழுப்பதற்காகப் பாறையைக் குடைந்து வெட்டிய ஆற்றங்கரைப் பாதை இருக்கிறது. நடப்பவர்கள் அதிகம், அகலம் குறைவு, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தள்ளிப்போனால்தான் அந்த உளி வேலையை நன்றாகப் பார்க்கவும் முடியும்.

கெர்சியின் குறை கூர்மையான கல். 38 மில்லிமீட்டர் டயரில் டியூப் போட்டுப் போன வருஷம் ஒரே நாளில் மூன்று பஞ்சர். அடுத்த முறை 45 மில்லிமீட்டர் டியூப்லெஸ், ஒன்றுகூட இல்லை.

லார்சாக் இன்னும் தெற்கே, மியோ ஊருக்கு மேலே. இதுவும் சுண்ணாம்பு மேட்டுநிலம்தான், ஆனால் கெர்சியின் மென்மை இங்கே கிடையாது. சுமார் ஆயிரம் சதுர கிலோமீட்டர், பெரும்பாலும் புல்லும் பாறையும், நிழல் இல்லை, காற்று நிற்காது. பள்ளத்தில் மியோ மேம்பாலம் உச்சி வரை 343 மீட்டர் உயரத்துக்கு நிற்கும், அதைப் பின்னால் விட்டுவிட்டு மேட்டில் ஏறினால் பல மணி நேரம் ஆட்டு மந்தைகளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. ஆடுகள் காலங்காலமாக நடந்த அகன்ற வழித்தடங்கள், உள்ளூரில் த்ராய் என்பார்கள், அவற்றில் கிராவல் சைக்கிள் பறக்கும். மிதிப்பதற்கு மட்டும் என்று கேட்டால் மூன்றில் இதுதான் முதல்.

ஊர்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் கோட்டை. லா கூவெர்த்துவராத் டெம்ப்ளர் வீரத்துறவிகள் எழுப்பியது, அவர்களுக்குப் பின் வந்த ஹாஸ்பிட்டலர்கள் என்ற இன்னொரு வீரத்துறவிக் கூட்டம் 15-ஆம் நூற்றாண்டில் மதில் கட்டியது, அந்த மதில் இன்றும் ஊரைச் சுற்றி நிற்கிறது. வாசலுக்கு வெளியே லவோன் ஒன்றைப் பார்ப்பீர்கள், மழைநீர் மண்ணுக்குள் போய்விடாமல் இருக்கத் தரையில் கல் பாவி, தட்டு மாதிரிக் குழிவாக அமைத்த ஆட்டுக் குளம். தண்ணீரை விழுங்கும் பூமியில் மனிதர்கள் தண்ணீரைப் பிடித்து வைத்த விதம் அது, மதிலைவிட அதுதான் எனக்குப் பெரிய கட்டடமாகத் தெரிகிறது. ரொக்ஃபோர் சீஸும் இந்தக் கல்லால் வந்ததுதான், மலையின் வெடிப்புகள் வழியாக வரும் ஈரக் காற்றில் குகைக்குள் முதிர வைக்கிறார்கள், பால் இந்தப் பகுதிச் செம்மறி ஆடுகளுடையது.

லார்சாக்கின் இன்னொரு வரலாறு நமக்குக் கொஞ்சம் நெருக்கம். 1971-ல் அரசு இங்கே இருந்த ராணுவ முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராகப் பெருக்கப்போவதாக அறிவித்தது. 103 விவசாயிகள் நிலத்தை விற்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். வார்தாவில் காந்தியுடன் இருந்து அவரிடமிருந்து சாந்திதாஸ் என்ற பெயரையும் பெற்ற லான்சா தெல் வாஸ்தோ 1972-ல் லா கவலரியில் 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார், அதற்குப் பிறகு போராட்டம் அகிம்சை வழியிலேயே போனது. ஈஃபில் கோபுரத்துக்கு அடியில் கொண்டுபோய் ஆடு மேய்த்தார்கள், அனுமதி மறுக்கப்பட்ட நிலத்தில் லா பிளாக்கியேரில் ஊர் கூடி ஆட்டுக் கொட்டகை கட்டினார்கள். 1981-ல் மித்தெரான் பிரான்ஸ் அதிபரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கொட்டகை இன்றும் நிற்கிறது. நீங்கள் மிதிக்கிற வழி பீரங்கிப் பயிற்சிக் களமாகாமல் போனதற்கு அந்த மனிதர்கள்தான் காரணம். இறங்கி ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

அப்படியென்றால் ஏன் லார்சாக்கை முதலில் சொல்லவில்லை? தண்ணீர். ஒரு ஜூன் மாதம் இரண்டு பாட்டிலோடு ஏறி மதியத்துக்குள் முடித்துவிட்டேன், அடுத்த ஊருக்கு இன்னும் 20 கிலோமீட்டர் இருந்தது. ஒரு பண்ணையில் ஒரு அம்மா பாட்டிலை நிரப்பிக் கொடுத்து, தொப்பியையும் நனைத்துக்கொண்டு போ என்றார். மூன்று லிட்டர் இல்லாமல் அங்கே ஏறாதீர்கள். அடுத்தது நாய். ஓநாய் பயத்தால் சில மந்தைகளோடு பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கும், மந்தையைப் பார்த்தாலே சைக்கிளிலிருந்து இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மந்தையைச் சுற்றி மெதுவாக நடந்து போங்கள், வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. மூன்றாவது போக்குவரத்து. மியோவுக்கு ஒரு நாளில் சில ரயில்களே வரும், பாரிஸிலிருந்து போக ஒரு முழு நாள், திரும்ப ஒரு நாள், ஐந்தில் இரண்டு போய்விடும்.

எனவே என் முடிவு இது. ஐந்து நாள், முதல் பயணம், மே மாதம் என்றால் கெர்சி. இரண்டு மூன்று நாள்தான் கிடைக்கிறது, முந்தின வாரம் மழை இல்லை என்றால் மோர்வான். ஒரு வாரமும் நல்ல காலும் மிதித்த அனுபவமும் இருந்தால் செப்டம்பரில் லார்சாக். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை மூன்று இடத்திலுமே வேட்டைக் காலம், ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வேட்டை நடக்கிறது என்று பலகை இருந்தால் வேறு வழியில் திரும்புங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: கெர்சியில் வாத்துதான் எங்கும், ஆனால் ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸைச் சுட்டு வால்நட்டோடு சாலட்டில் வைத்துத் தருவார்கள், பெரும்பாலான ஊர்களில் கிடைக்கும். மியோ பக்கம் அலிகோ கேளுங்கள், உருளைக்கிழங்கையும் சீஸையும் சேர்த்துக் கிண்டி நூல் மாதிரி இழுப்பது, ஒரு தட்டு சாப்பிட்டால் மறுநாள் மதியம் வரை தாங்கும். மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள், அதைத் தவறவிட்டால் ஒன்றும் கிடைக்காது. திங்கட்கிழமை பல கிராமங்களில் பேக்கரியே திறக்காது. தண்ணீர் வேண்டுமென்றால் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், பூச்செடிக்கு ஊற்றக் குழாய் இருக்கும், குடிக்கத் தகாது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெர்சிக்கு என்றால் வழி இப்படி வைத்துக்கொள்ளலாம். பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸில் துலூஸ் ரயில் ஏறி சூயாக்கில் இறங்குங்கள். முதல் நாள் ரொக்கமதூர் வரை. இரண்டாம் நாள் கிரமா மேட்டைக் கடந்து ஃபிஜாக், பாதிராக்கைப் பார்க்க வேண்டுமென்றால் அன்று காலை. மூன்றாம் நாள் செலேயை ஒட்டியும் மேட்டில் ஏறியும் மர்சியாக். நான்காம் நாள் கப்ரெரே, குகை, சான் சிர்க். ஐந்தாம் நாள் கஹோர். மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர், நின்று பார்க்க நேரம் இருக்கும். மூன்றாம் நாள் ராத்திரி மட்டும் மேட்டிலேயே ஒரு பண்ணை வீட்டில் தங்குங்கள். பிரான்ஸில் மிக இருட்டான வானங்களில் ஒன்று இங்கே இருக்கிறது, கெர்சியின் கருப்பு முக்கோணம் என்பார்கள், பால்வீதி தெளிவாகத் தெரியும்.

இரண்டு விஷயங்களை இப்போதே பதிவு செய்துவிட வேண்டும். ரயிலில் சைக்கிளுக்கு என்று தனி இடம், அது உங்கள் டிக்கெட்டோடு தானாக வராது. மே 1, மே 8, விண்ணேற்ற வியாழன் என்று அடுத்தடுத்து விடுமுறை வருவதால் அந்த இடம்தான் முதலில் தீரும். இரண்டாவது பெஷ் மெர்ல், ஒரு நாளைக்கு 700 பேரைத்தான் விடுகிறார்கள்.

கஹோரில் வலாந்த்ரே பாலத்தைக் கடந்துதான் ஊருக்குள் வாருங்கள். 1308-ல் தொடங்கிய பாலம், பேயோடு ஒப்பந்தம் போட்டுக் கொத்தனார் கட்டினார், கடைசியில் ஏமாந்த பேய் தினமும் ராத்திரி ஒரு கல்லைப் பிடுங்கிப்போட்டது என்று கதை. 1879-ல் பழுதுபார்த்தபோது நடுக் கோபுரத்தின் மேல் மூலையில் அந்தப் பேயையே குட்டியாகச் செதுக்கி வைத்தார்கள், கல்லைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுக் கிளம்புங்கள், ஸ்டேஷன் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.